கிட்டாரிலிருந்து சின்தசைசருக்கு: பீட் ஷெல்லி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் பழைய இசைத்தட்டுகள் கேட்பது வழக்கம். பீட் ஷெல்லியின் தட்டு சுழல ஆரம்பித்தால் போதும், புதிதாக வந்தவர் யாராவது அதே சந்தேகங்களைக் கிளப்புவார். பங்க் குழுவில் கிட்டார் வாசித்த மனிதர் எதற்காக டிரம் மெஷினோடு பாட ஆரம்பித்தார்? குழுவைக் கைவிட்டது நியாயமா? பிபிசி ஏன் அவர் பாட்டை ஒதுக்கியது? பல வருஷமாக வாயால் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பீட் ஷெல்லி யாரு? நான் பேரே கேள்விப்பட்டதில்லையே.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1976-ல் உருவான பஸ்காக்ஸ் என்ற பங்க் குழுவின் கிட்டார்காரர், பிறகு அதன் பாடகர், பாடலாசிரியர். இயற்பெயர் பீட்டர் மெக்நீஷ். 1955-ல் லங்காஷயரில் உள்ள லீ என்ற ஊரில் பிறந்தார். பெண்ணாகப் பிறந்திருந்தால் வைப்பதற்காக வீட்டில் யோசித்து வைத்திருந்த பெயர்தான் ஷெல்லி என்று சொல்வார்கள். மேடைக்கு அதையே எடுத்துக்கொண்டார்.

பஸ்காக்ஸ் 1981-ல் கலைந்தது. அதே வருஷம் 'ஹோமோசேப்பியன்' என்ற பாட்டோடு தனியாக வந்தார். கிட்டார் இரைச்சலுக்குப் பழகிய ரசிகர்களுக்கு அதில் கிடைத்தது சின்தசைசர், டிரம் மெஷின் போன்ற மின்னணுக் கருவிகளில் செய்த எலெக்ட்ரானிக் பாப். 1989-ல் பழைய குழு மறுபடி சேர்ந்தது. 2018 டிசம்பர் 6-ஆம் தேதி, கடைசிக் காலத்தில் குடியிருந்த எஸ்தோனியத் தலைநகர் தாலினில் 63 வயதில் காலமானார்.

பங்க் என்றால் கத்திப் பாடுவது, சட்டையைக் கிழித்துக்கொள்வது. அவ்வளவுதானே?

லண்டன் பத்திரிகைகள் காட்டிய படம் அது. மான்செஸ்டரில் நடந்தது வேறு. ஷெல்லியும் அவர் கல்லூரித் தோழர் ஹோவர்ட் டெவோட்டோவும் 1976 தொடக்கத்தில் லண்டன் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, நேரில் பார்க்க வடக்கிலிருந்து தெற்கே போனார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. அந்தக் குழுவைத் தங்கள் ஊருக்கே வரவழைத்தார்கள். ஜூன் 4-ஆம் தேதி லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற சின்ன அரங்கில் கச்சேரி நடந்தது. வந்தவர்கள் நாற்பது பேர் போல இருப்பார்கள். தாங்களும் அன்று வாசிப்பதாகத்தான் திட்டம், ஆனால் குழுவில் ஆள் சேரவில்லை. ஜூலை 20-ஆம் தேதி அதே அரங்கில் பிஸ்டல்ஸ் மறுபடி வந்தபோது பஸ்காக்ஸ் மேடையேறிவிட்டது.

அதைவிட முக்கியம் அடுத்து வந்த தட்டு. ஷெல்லியின் அப்பாவிடமும் நண்பர்களிடமும் 500 பவுண்ட் போலக் கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28-ஆம் தேதி ஒரே நாளில் நாலு பாட்டைப் பதிவு செய்தார்கள். 1977 ஜனவரி கடைசியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' வெளிவந்தது. முதலில் போட்டது 1,000 பிரதிகள். நியூ ஹார்மோன்ஸ் என்ற லேபிளும், அதாவது தட்டு வெளியிடும் நிறுவனமும், அவர்களே வைத்துக்கொண்டதுதான். ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் சரியாக வந்தது, மேலே என்ன சேர்த்தார்கள் என்பதைக்கூட அட்டையில் அச்சடித்தார்கள். பெரிய கம்பெனி வந்து கை தூக்கிவிடும் என்று காத்திருக்க வேண்டாம், செய்யும் முறை இவ்வளவுதான், நீயும் செய் என்று அந்த அட்டை சொன்னது. பின்னால் வரும் பல பதில்களுக்கு இந்த அட்டையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

'எவர் ஃபாலன் இன் லவ்' பாட்டு மட்டும் எனக்குத் தெரியும். அது இவர் பாட்டா?

இவருடையதுதான். 1978-ல் வந்து பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12-ஆம் இடத்தைத் தொட்டது. பலரும் முதலில் கேட்டது ஃபைன் யங் கேனிபல்ஸ் பாடிய வடிவமாக இருக்கும், இல்லையென்றால் 'ஷ்ரெக் 2' படத்தின் இசைத்தொகுப்பில் பீட் யோர்ன் பாடியதாக இருக்கும்.

1977 நவம்பரில் எடின்பரோவில் கச்சேரிக்காகத் தங்கியிருந்தபோது விடுதியில் டிவியில் ஒரு பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. காதலிக்கக் கூடாத ஒருவரைக் காதலித்ததுண்டா என்று அதில் வந்த ஒரு வசனம் மனதில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் ஊரின் தலைமைத் தபால் நிலையத்துக்கு வெளியே நின்ற வேனுக்குள் உட்கார்ந்தே வரிகளை எழுதி முடித்தார். பங்க் பாட்டு என்றால் அரசியல் கோபம் என்று இருந்த காலத்தில், ஒருதலைக் காதலின் அவமானத்தை இரண்டே முக்கால் நிமிஷத்துக்குள் அடைத்துத் தந்தார்.

டெவோட்டோ என்ன ஆனார்?

'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' கடைக்கு வந்த சில வாரங்களிலேயே விலகிவிட்டார். பங்க் ஒரு வாய்ப்பாடாக இறுகிப்போவது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு மேகஸின் என்ற குழுவைத் தொடங்கினார். பாடும் பொறுப்பு ஷெல்லியிடம் வந்தது அப்படித்தான். டெவோட்டோவின் கதை இன்னும் இருக்கிறது, கீழே வருகிறேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழுவை ஏன் விட்டார்?

வெளியே பார்க்க நன்றாகப் போன மாதிரிதான் இருந்தது. 1978-க்கும் 1979-க்கும் நடுவே மூன்று ஆல்பங்கள், அவற்றுக்கு நடுவே சிங்கிள்கள், ஓயாத பயணம். ஒருவர் இரண்டு வருஷத்தில் எழுதக்கூடியதைவிட அதிகமாக அவர் எழுதிவிட்டார். அவர்களை ஒப்பந்தம் செய்த யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இஎம்ஐ கைக்குப் போனது. பழைய ஆதரவு போய்விட்டது, பணமும் இறுகியது.

1981 தொடக்கத்தில் நாலாவது ஆல்பத்துக்கு உட்கார்ந்தார்கள். வேலை நகரவில்லை. அவர்களுடைய தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷென்ட் நிலைமையைப் பார்த்து ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டு, பெர்க்‌ஷயரில் தன் வீட்டோடு சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த ஜெனடிக் ஸ்டுடியோவுக்கு ஷெல்லியை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். குழுவுக்கு மாதிரிப் பதிவு செய்யலாம் என்றுதான் போனார்கள். செய்து முடித்துக் கேட்டபோது, இதற்கு மேல் யாரும் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை என்று இருவருக்கும் தோன்றிவிட்டது. ஒரு காலத்தில் பஸ்காக்ஸை யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கு எடுத்த ஆண்ட்ரூ லாடர் அப்போது ஐலண்ட் நிறுவனத்தில் இருந்தார். அங்கேயே ஒப்பந்தம் ஆனது.

மற்றவர்களுக்கு வக்கீல் கடிதம் போட்டுத்தான் குழு முடிந்ததைச் சொன்னாராமே?

ஆமாம். குழுவின் இன்னொரு கிட்டார்காரர் ஸ்டீவ் டிகிளும் மற்றவர்களும் கடிதம் வந்துதான் தெரிந்துகொண்டார்கள். இதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை. ஐந்து வருஷம் ஒரே வேனில் போய்வந்தவர்களுக்கு முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். களைத்துப்போயிருந்தார், மோதலைத் தவிர்க்கிற சுபாவம் உள்ளவர் என்பது காரணமாகலாம். ஆனாலும் அது தப்புதான். டிகிள் எட்டு வருஷம் கழித்து மறுபடி அவரோடு மேடையேறினார், அது அவருடைய பெரிய மனசு.

பங்க்காரர் திடீரென்று எலெக்ட்ரானிக் பக்கம் தாவியது காசுக்காகத்தானே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இந்தப் பதிலுக்காகவே மொத்தத்தையும் எழுதினேன் என்று சொல்லலாம். அவர் தாவவே இல்லை. எலெக்ட்ரானிக் இசைதான் அவரிடம் முதலில் இருந்தது, பங்க் நடுவில் வந்தது.

1974-ல், பஸ்காக்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால், மின்சாரத்தால் ஒலி எழுப்பும் ஆஸிலேட்டர் என்ற கருவியை வைத்து வீட்டில் நீளமான பதிவு ஒன்றைச் செய்தார். கிட்டார் இல்லை, பாட்டு இல்லை, தாளமும் இல்லை. ஒரே ஒலி ஏறுகிறது, இறங்குகிறது, தன்மேலேயே மோதுகிறது. 'ஸ்கை யென்' என்ற பெயரில் 1980-ல், குரூவி ரெக்கார்ட்ஸ் என்று தானே ஆரம்பித்த லேபிளில் அதை வெளியிட்டார். பஸ்காக்ஸ் பாட்டுகளை எதிர்பார்த்து அந்தத் தட்டை வாங்கியவர்கள் திகைத்திருப்பார்கள். நான் முதல்முறை கேட்டபோது ஐந்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டாம் முறை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். தூரத்து மில் சங்கு நிற்காமல் ஒலிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் நிறுத்தத் தோன்றவில்லை.

ஜெர்மனியின் கேன் குழுமேல் அவருக்குத் தனிப் பித்து. 1978-ல் வந்த கேன் தொகுப்பு ஒன்றுக்கு அட்டைக் குறிப்பு எழுதியவர் ஷெல்லிதான். பஸ்காக்ஸ் காலத்திலேயே 'வொய் கான்ட் ஐ டச் இட்' என்று ஆறரை நிமிஷம் ஒரே சுழற்சியில் ஓடும் ஒரு பாட்டு இருக்கிறது. ஒரு சிங்கிளின் பின்பக்கத்தில் அதை ஒளித்து வைத்தார்கள். 'ஹோமோசேப்பியன்' பாட்டையே பஸ்காக்ஸுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். பத்து விரலும் பழகியிருந்த ஒன்றுக்கு மனிதர் திரும்பி வந்தார், அவ்வளவுதான்.

அந்த ஸ்டுடியோவில் அப்படி என்ன செய்தார்கள்? கம்ப்யூட்டரே பாட்டு போட்டதா?

கம்ப்யூட்டர் எதையும் போடவில்லை. வாசித்தது மட்டும்தான் அது. ரஷென்டிடம் ரோலண்ட் எம்சி-8 மைக்ரோகம்போஸர் என்ற கருவி இருந்தது. 1977-ல் வந்த பெட்டி. பார்த்தால் இசைக்கருவி என்றே தோன்றாது. பியானோ கட்டை கிடையாது, கணக்குப் போடும் கால்குலேட்டர் மாதிரி எண் பொத்தான்கள்தான் இருக்கும். ஒரு சுரத்துக்கு மூன்று எண் கொடுக்க வேண்டும். எந்தச் சுரம், அடுத்த சுரம் வருவதற்கு எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் எவ்வளவு பங்கு ஒலிக்க வேண்டும் (மீதி மௌனம்). கடைசி எண்ணில்தான் வித்தை இருக்கிறது. அதைக் குறைத்தால் சுரம் வெட்டுப்பட்டுத் துள்ளும், கூட்டினால் அடுத்ததோடு ஒட்டி இழையும்.

நாலு நிமிஷப் பாட்டின் பேஸ் வரிக்கு மட்டும் இப்படி நூற்றுக்கணக்கில் எண்களைத் தட்ட வேண்டும். ஒரு எண் பிசகினால் அதற்குப் பிறகு எல்லாம் தாளம் தப்பும். முடித்ததும் கேசட்டில் சேமித்துக்கொள்ள வேண்டும், கரண்ட் போனால் பெட்டிக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இவ்வளவு பொறுமையாகத் தட்டியதற்கு மேல் ஷெல்லி சாதாரண அகவ்ஸ்டிக் கிட்டாரை உரசிச் சேர்த்தார். 'ஹோமோசேப்பியன்' கேட்கும்போது இதைக் கவனியுங்கள். கீழே மெஷின் இம்மி பிசகாமல் போகும். மேலே கிட்டாரில் ஒரு கை களைப்பதும் வேகமெடுப்பதும் தெரியும். சின்தசைசர் என்றால் குளிர்ச்சி, கிட்டார் என்றால் சூடு என்ற பேச்சு எனக்கு ஒட்டாமல் போனது இந்தப் பாட்டால்தான்.

அப்படியானால் இதில் பங்க் எங்கே இருக்கிறது?

இரண்டாவது கேள்வியில் சொன்ன அட்டையை நினைத்துப் பாருங்கள். கையில் இருப்பதை வைத்துச் செய், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காதே. 1976-ல் அது மேல்பகுதி உடைந்துபோன ஒரு மலிவான கிட்டார். 1981-ல் எண் பொத்தான் உள்ள பெட்டி. இரண்டிலும் தேர்ந்த வாசிப்பு தேவையில்லை, தெளிவான யோசனை போதும். 'போர்டம்' என்ற பஸ்காக்ஸ் பாட்டில் அவர் கிட்டார் தனி வாசிப்பு இரண்டே சுரம்தான், அதையே திரும்பத் திரும்ப அடிப்பார். மெஷின் கைக்கு வருவதற்கு முன்பே மெஷின் மாதிரி யோசித்தவர் அவர் என்பது என் எண்ணம்.

'ஹோமோசேப்பியன்' பாட்டை பிபிசி ஏன் தடை செய்தது?

அதில் வரும் ஒரு வரி ஆண்களுக்கிடையேயான உடலுறவை வெளிப்படையாகக் குறிக்கிறது என்று சொல்லி ஒலிபரப்ப மறுத்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது நிரம்பிய ஆண்கள் தனிமையில் உறவு கொள்வது குற்றமில்லை என்று சட்டம் மாறியதே 1967-ல்தான். 1981-லும் வானொலிக்கு அந்தப் பேச்சு ஆகாது.

அந்தக் காலத்தில் பிபிசியின் பாப் வானொலியான ரேடியோ 1 போடாத பாட்டு பிரிட்டனில் பட்டியலில் ஏறுவது குதிரைக்கொம்பு. இதுவும் ஏறவில்லை. ஆஸ்திரேலியாவில் முதல் பத்துக்குள் வந்தது. அமெரிக்காவில் டான்ஸ் கிளப்புகள் அதை எடுத்துக்கொண்டன. சொந்த ஊர் வானொலியில் கேட்க முடியாத பாட்டுக்கு ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இளைஞர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஆண், பெண் என்று சொல்லாமல் எழுதினாரே, தன் விஷயத்தை மறைக்கத்தானே?

மறைக்கவில்லை. ஆண், பெண் இருபாலரையும் விரும்புபவர் என்பதை எழுபதுகளிலேயே பேட்டிகளில் ஒளிக்காமல் பேசியவர். 'எவர் ஃபாலன் இன் லவ்' ஒரு ஆணைப் பற்றியது என்றும் சொல்லியிருக்கிறார். பாட்டில் அவன், அவள் என்று வராமல் பார்த்துக்கொண்டது கேட்கிற யாருக்கும் அது பொருந்த வேண்டும் என்பதற்காக.

நமக்கு இது சுலபமாகப் புரியும். தமிழில் 'நீ' என்று சொன்னால் அதில் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஷெல்லி கிட்டத்தட்ட எல்லாக் காதல் பாட்டையும் 'நான்', 'நீ' என்ற இரண்டுக்குள்ளேயே எழுதினார். பையன் பெண்ணுக்குப் பாடலாம், பெண் பெண்ணுக்குப் பாடலாம், ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். பஸ்காக்ஸ் பாட்டிலும் மெஷின் பாட்டிலும் இந்தப் பழக்கம் மாறவே இல்லை.

அதே தயாரிப்பாளரை வைத்து ஹ்யூமன் லீக் உச்சிக்குப் போனார்கள். இவர் ஏன் போகவில்லை?

வயிற்றெரிச்சலான கதை. ஷெல்லியோடு செய்த வேலை காதில் விழுந்த பிறகுதான் ரஷென்டுக்கு ஹ்யூமன் லீக் என்ற எலெக்ட்ரானிக் பாப் குழுவின் வாய்ப்பு வந்தது. ஜெனடிக் ஸ்டுடியோவில் ஷெல்லியோடு தடவித் தடவிக் கற்றதை அவர்களிடம் முழு அளவில் செய்தார். 1981 அக்டோபரில் வந்த 'டேர்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 'டோன்ட் யூ வான்ட் மீ' அந்தக் கிறிஸ்துமஸுக்கு முதலிடத்தில் இருந்தது. அடுத்த வருஷம் சிறந்த தயாரிப்பாளருக்கான பிரிட் விருது ரஷென்டுக்குப் போனது.

பிபிசி தடை ஒரு காரணம் என்பதை மேலே சொன்னேன். இன்னொன்று, ஹ்யூமன் லீக்குக்குப் பங்க் என்ற பழைய முகவரி இல்லை. அவர்களைக் கேட்டவர்கள் திறந்த மனதோடு கேட்டார்கள். ஷெல்லியை வாங்கியவர்களில் பாதிப் பேர் அதில் பஸ்காக்ஸைத் தேடினார்கள். 'டேர்' அருமையான ஆல்பம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதன் அஸ்திவாரத்தில் ஷெல்லியின் பெயரும் இருக்கிறது என்பதைத்தான் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது ஆல்பத்துக்குள் கம்ப்யூட்டர் புரோகிராம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1983-ல் வந்த 'எக்ஸ்எல்1' ஆல்பத்தில் பாட்டுகள் முடிந்த பிறகு, தட்டின் கடைசிப் பகுதியில் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கான புரோகிராம் ஒலியாகவே பதிந்திருக்கிறது. ஸ்பெக்ட்ரம் 1982-ல் வந்த மலிவான வீட்டுக் கம்ப்யூட்டர், ரப்பர் பொத்தான்கள் உள்ளது. டிவியோடு இணைத்து, சாதாரண கேசட்டிலிருந்து புரோகிராமை ஏற்ற வேண்டும். தட்டிலுள்ள புரோகிராமை அப்படிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் தட்டை முதலிலிருந்து ஓடவிட்டால், பாட்டின் வரிகளும் அசையும் உருவங்களும் பாட்டோடு சேர்ந்து திரையில் வரும். பாட்டு வரி திரையில் ஓடுவது இன்று எந்த போனிலும் இருக்கிறது. 1983-ல் ஒரு பாப் தட்டில் இதைச் செய்ய நினைத்ததே பெரிது.

இன்னொரு நுணுக்கம். அந்தப் பகுதிக்கு முன்னால் தட்டின் வரித்தடத்தை வட்டமாக மூடி வைத்திருந்தார்கள். ஊசி தானாக அதைத் தாண்டிப் போகாது, கையால் எடுத்து அப்பால் வைக்க வேண்டும். பாட்டு கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டவர் காதில் திடீரென்று கீச்சொலி பாயக் கூடாதே.

அந்த ஆல்பத்தில் பாட்டு எப்படி? புரோகிராம் மட்டும்தான் விசேஷமா?

'டெலிபோன் ஆபரேட்டர்' கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முதல் ஆல்பத்தைவிடத் தசை கூடியது. பேஸ் வாசித்தவர் டெவோட்டோவின் மேகஸின் குழுவிலிருந்த பாரி ஆடம்சன். பட்டியலில் 66-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. எனக்கு 'ஹோமோசேப்பியன்' ஆல்பத்தின் வெறுமைதான் அதிகம் பிடிக்கும், ஆனால் இந்த ஒரு பாட்டுக்கு ஈடு அதில் இல்லை.

மூன்றாவது ஆல்பம் பற்றி யாரும் பேசுவதில்லையே?

1986-ல் வந்த 'ஹெவன் அண்ட் த சீ'. தயாரித்தவர் பெட் ஷாப் பாய்ஸ் என்ற எலெக்ட்ரானிக் பாப் ஜோடியோடு வேலை செய்த ஸ்டீபன் ஹேக். எல்லாம் வழவழப்பாக இருக்கும். அந்தக் காலத்து நூறு ஆல்பங்களில் ஒன்றாக அதை வைத்துவிடலாம், இவர்தான் செய்தார் என்று தேடிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருமுறை கேளுங்கள், போதும்.

இதே காலத்தில் இவர் செய்த இன்னொரு வேலையை லட்சக்கணக்கானோர் பெயர் தெரியாமலே கேட்டார்கள். பிரிட்டனின் சேனல் 4 டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஒளிபரப்பியபோது வந்த முகப்பு இசை ஷெல்லியுடையது.

கடைசியில் பழைய குழுவுக்கே போய்விட்டாரே. அப்போ எலெக்ட்ரானிக் முயற்சி தோற்றது என்றுதானே அர்த்தம்?

விற்பனைக் கணக்கில் தோற்றது, மறுக்கவில்லை. ஆனால் 1989-ல் பஸ்காக்ஸ் சேர்ந்ததற்கு அதுவே காரணம் என்று சொல்ல முடியாது. இடைப்பட்ட வருஷங்களில் ஒரு புதிய தலைமுறை அவர்களைக் கேட்டு வளர்ந்திருந்தது. ஃபைன் யங் கேனிபல்ஸ் வடிவம் 1987-ல் பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்திருந்தது, அதாவது மூலத்தைவிட மேலே. 1994-ல் அமெரிக்க ராக் குழுவான நிர்வாணா தங்கள் கடைசி ஐரோப்பியப் பயணத்துக்கு பஸ்காக்ஸைக் கூட அழைத்துக்கொண்டது.

திரும்பிப் போனதால் மெஷினை மூட்டை கட்டிவிட்டார் என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த பதிலைப் பாருங்கள்.

டெவோட்டோவோடு மறுபடி சேர்ந்தாரா?

சேர்ந்தார். 2002-ல் ஷெல்லிடெவோட்டோ என்று இரண்டு பெயரையும் ஒட்டவைத்து 'பஸ்குன்ஸ்ட்' என்ற ஆல்பம் வெளியிட்டார்கள். 1976 டிசம்பருக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஒரு ஆல்பம் செய்தது அப்போதுதான். பழைய பங்க்கை மீண்டும் வாசிப்பார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு உள்ளே கிடைத்தது பெரும்பாலும் எலெக்ட்ரானிக் இசை, அதன்மேல் டெவோட்டோவின் வக்கிரமான அழகுடைய குரல்.

கல்லூரியில் ஷெல்லி எலெக்ட்ரானிக் இசைச் சங்கத்தில் இருந்தவர். முதன்முதலில் டெவோட்டோவுக்கு அறிமுகமானது அந்த வழியில்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் இருவரும் அந்த அறைக்கே போய் உட்கார்ந்த மாதிரி எனக்குத் தோன்றும்.

வேறு யாரோடெல்லாம் சேர்ந்து வேலை செய்தார்?

பஸ்காக்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே டில்லர் பாய்ஸ் என்று நண்பர்களோடு ஒரு சோதனைக் குழு வைத்திருந்தார். குரூவி ரெக்கார்ட்ஸில் வந்த மூன்று தட்டுகளில் ஒன்றில், பின்னாளில் மீகான்ஸ் குழுவுக்குப் போன சாலி டிம்ஸோடு சேர்ந்திருக்கிறார்.

2005-ல் நடந்தது மனதைத் தொடுவது. பங்க் குழுக்களை வானொலியில் முதலில் தூக்கிப்பிடித்த அறிவிப்பாளர் ஜான் பீல் 2004-ல் இறந்தார். அவர் நினைவாக 'எவர் ஃபாலன் இன் லவ்' மறுபடி பதிவானது. ஷெல்லியோடு எல்டன் ஜான், ராபர்ட் பிளான்ட், ரோஜர் டால்ட்ரி, டேவிட் கில்மர், பீட்டர் ஹுக் என்று பெரிய கூட்டமே பங்கெடுத்தது. வருமானம் அம்னெஸ்டி இன்டர்நேஷனலுக்குப் போனது. தபால் நிலைய வாசலில், வேனுக்குள் எழுதிய பாட்டு அது.

இதே வழியில் போனவர்கள் வேறு யாராவது உண்டா?

உண்டு. மிட்ஜ் யூர் ரிச் கிட்ஸ் குழுவிலிருந்து விசாஜ், அல்ட்ராவாக்ஸ் என்று எலெக்ட்ரானிக் குழுக்களுக்குப் போனார். செக்ஸ் பிஸ்டல்ஸின் ஜான் லைடன் 1993-ல் லெஃப்ட்ஃபீல்ட் என்ற எலெக்ட்ரானிக் நடன இசைக் குழுவோடு பாடினார். ஷெல்லிக்கு மனதளவில் நெருக்கமானவர் அமெரிக்காவின் கேத்லீன் ஹன்னா. தன் பங்க் குழுவான பிகினி கில் கலைந்த பிறகு வீட்டு அறையில் டிரம் மெஷினும், ஒலித் துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் சாம்ப்ளரும் வைத்துக்கொண்டு ஜூலி ரூயின் என்ற பெயரில் 1998-ல் தனி ஆல்பம் செய்தார், பிறகு லே டிக்ரே குழுவைத் தொடங்கினார். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சரி, எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

முதலில் 'எவர் ஃபாலன் இன் லவ்'. உடனே, நடுவில் வேறு எதையும் போடாமல், 'ஹோமோசேப்பியன்'. குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். அதே மூக்கால் எழும் மெல்லிய குரல், வரியின் கடைசியில் அதே சின்ன உயர்வு. சுற்றியிருப்பதுதான் மாறியிருக்கும். பிறகு 'டெலிபோன் ஆபரேட்டர்', அப்புறம் 'வொய் கான்ட் ஐ டச் இட்'. 'பஸ்குன்ஸ்ட்' பிறகு வரட்டும். 'ஸ்கை யென்' கடைசியில், இரவில்.

'எக்ஸ்எல்1' தட்டில் உள்ள புரோகிராமை இன்றைக்கும் ஓட்ட முடியுமா?

முடியும். தட்டு கீறல் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பாட்டில் ஒரு சின்ன 'டக்' சத்தத்தை நம் காது மன்னித்துவிடும், கம்ப்யூட்டர் மன்னிக்காது, ஏற்றுவதைப் பாதியில் கைவிட்டுவிடும். ஊசியைத் துடைத்து, அந்தக் கடைசிப் பகுதியைக் கணினியில் ஒலிக்கோப்பாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒலியளவு குறைவாக இருந்தால் பிடிக்காது, அதிகமானாலும் பிடிக்காது, இரண்டு மூன்று முறை முயல வேண்டியிருக்கும். ஸ்பெக்ட்ரம் போலவே நடக்கும் எமுலேட்டர் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 48கே (நினைவக அளவு) மாதிரியைத் தேர்ந்தெடுத்துக் கோப்பைக் கொடுங்கள்.

முதலில் நீளமான ஒரே கூவல் கேட்கும், திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக நகரும். பிறகு கரகரவென்று ஒலி உடைந்து, பட்டைகள் நீலமும் மஞ்சளுமாக மாறி ஓடும். அந்த நேரத்தில் யாரும் மேஜையை ஆட்டாதீர்கள். எல்லாம் சரியாக ஏறிய பிறகு தட்டின் முதல் பாட்டில் ஊசியை வையுங்கள். புரோகிராமைச் சரியான கணத்தில் தொடங்கிவிட்டால், ஷெல்லி வாய் திறக்கும்போது முதல் வரி திரையில் எழும்.